ஓர் இடுப்புக்கூடு, ஐந்து தமனித் தொகுதிகள்: ஒரு பயிற்சி மாதிரியின் மதிப்பீடு

இடுப்புக்கூட்டு மாதிரிகளைத் தயாரிப்பவர்கள் எலும்புக்கும் தசைக்கும் காட்டும் அக்கறையைத் தமனிகளுக்குக் காட்டுவதில்லை. சிவப்புச் சாயம் பூசிய ஒரு ரப்பர்க் கிளைக்கூட்டம் உட்சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் படத்தைப் பார்த்து அது செய்யப்பட்டதோ அந்தப் படத்தின் வரிசையிலேயே கிளைகளும் பிரியும். அந்த வரிசை அப்படியே அமைந்த உடல் அரிது என்பது இடுப்புக்குழியை ஒரு தடவையாவது அறுத்துப் பார்த்த எவருக்கும் தெரியும். இந்தக் குறையை நீக்கிவிட்டதாக விளம்பரப்படுத்தப்படும் ஒரு மாதிரியை எங்கள் உடற்கூறியல் துறை இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் வாங்கியது. முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுக்கவும், மகப்பேறு, பொது அறுவை, எலும்பியல், கதிரியக்கவியல் துறைகளின் முதுநிலை மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிக்கவும் அதைப் பயன்படுத்திவரும் அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சில குறைகளைக் கடுமையாகச் சொல்லவேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வேறு நிறுவனத்தின் மாதிரியை வாங்க எண்ணுபவர்களுக்கும், பணம் கொடுப்பதற்கு முன் எந்தெந்த இடங்களில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும் என்று நம்புகிறேன்.

பெட்டியில் வருவது வலப்பக்க அரை இடுப்புக்கூடு. சேக்ரத்தின் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பின்) பாதியும் கடைசி இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளும் அதனுடன் இணைந்திருக்கின்றன. பிரிஃபார்மிஸ், ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் ஆகிய தசைகளும், கவட்டில் உள்ள இங்குவினல் தசைநாண், சேக்ரோஸ்பைனஸ் தசைநாண் ஆகியவையும் எலும்போடு நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன. கருப்பை, சிறுநீர்ப்பை, யூரிட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் குழாய்) அடங்கிய பெண் உறுப்புத் தொகுதி ஒன்றும், புராஸ்டேட் அடங்கிய ஆண் உறுப்புத் தொகுதி ஒன்றும் தனித்தனியே கழற்றி மாட்டும்படி இருக்கின்றன. இவற்றோடு ஐந்து தமனித் தொகுதிகள் வருகின்றன. ஒவ்வொன்றும், இடுப்புக்கும் காலுக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் காமன் இலியாக் தமனியிலிருந்து தொடங்கி, நான்காம் இடுப்பு முள்ளெலும்பின் முன்புறத்தில் மகாதமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் பதித்த ஒரு சிறு காந்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. உண்மையான நோயாளிகளின் சி.டி. ஆஞ்சியோகிராம் (இரத்தக் குழல்களைக் காட்டும் கதிர்ப்பட) படங்களைக் கொண்டு முப்பரிமாண அச்சில் உருவாக்கியவை என்று கையேடு சொல்கிறது. வரி சேர்த்து விலை 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஒரே தொகுதி கொண்ட சாதாரண மாதிரிகளோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான்.

எலும்பு வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்புறத்தில் தமனிகளும் நரம்புகளும் வெளியேறும் கிரேட்டர் சியாட்டிக் துளையின் மேல்விளிம்பும், முன்புறத்தில் உள்ள பியூபிக் எலும்பின் மேற்கிளையில் உள்ள கூர்மையான வரம்பும் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுகின்றன. தமனிகளைப் படிப்பதற்கு இவ்விரண்டு இடங்களும் அடித்தளம் என்பதால் இதைப் பாராட்டியே ஆகவேண்டும்.

முதல் தொகுதி பாடநூல் வடிவம். இடுப்புக்குழி உறுப்புகளுக்கு இரத்தம் தரும் இன்டர்னல் இலியாக் தமனி சேக்ரோஇலியாக் மூட்டுக்கு முன்னால் தொடங்கி, ஏறத்தாழ 4 செ.மீ. இறங்கி, கிரேட்டர் சியாட்டிக் துளையின் மேல்விளிம்பருகே முன்பிரிவாகவும் பின்பிரிவாகவும் பிரிகிறது. பின்பிரிவிலிருந்து இலியோலம்பார், லேட்டரல் சேக்ரல், பிட்டத்துக்குச் செல்லும் சுப்பீரியர் குளூட்டியல் ஆகிய மூன்றும் வருகின்றன. மற்றவை எல்லாம் முன்பிரிவில். ஜப்பானியரான புந்தாரோ அடாச்சி 1928-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி இது முதல் வகை, அதாவது சுப்பீரியர் குளூட்டியல் தமனி தனியாகவும், இன்ஃபீரியர் குளூட்டியலும் பிறப்புறுப்புப் பகுதிக்குச் செல்லும் இன்டர்னல் புடெண்டலும் ஒரே தண்டிலிருந்தும் பிரியும் அமைப்பு. பெரும்பாலான ஆய்வுகளில் இதுவே மற்ற வகைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பதால் இதைத் தொடக்கமாக வைத்தது சரியே. சிறு கிளைகளின் பெயர்களை மாணவர் தாமே எழுதி ஒட்டும்படி வெறுமையாக விட்டிருப்பதும் நல்ல யோசனை. ஆனால் இத்தொகுதியில் மலக்குடலுக்குச் செல்லும் மிடில் ரெக்டல் தமனி இயல்புக்கு மாறாகத் தடித்திருக்கிறது என்பதோடு, மற்ற நான்கு தொகுதிகளிலும் அதே தடிமனில் அதே இடத்தில் நிற்கிறது. இடுப்புக்குழியில் இருப்பதே நிச்சயமில்லாத தமனி என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாமற்போவதும், இருந்தாலும் நூலளவே இருப்பதும் வழக்கம். மலக்குடல் புற்றுநோய்க்கு மீசோரெக்டத்தை (மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவை) முழுமையாக அகற்றும் முறையை ஆங்கில அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982-இல் விளக்கியதற்குப் பிறகு, பக்கவாட்டில் தமனியைத் தேடிக் கட்டவேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிட்டது. இந்த மாதிரியைப் பார்க்கும் மாணவரோ அங்கே ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய தமனி காத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்.

மற்ற தொகுதிகளுக்குள் போவதற்கு முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். தமனி வேறுபாடுகளை வகைப்படுத்தும் வழக்கம் முழுவதும் பிறப்பிடத்தை வைத்தே அமைந்திருக்கிறது: எந்தக் கிளை எந்தத் தண்டிலிருந்து வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது என்பதே கேள்வி. தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் கதீட்டரை (மெல்லிய குழாயை) செலுத்தி, தண்டிலிருந்து கிளைக்குள் நுழையும் கதிரியக்க மருத்துவருக்கு அதுவே தலையாய கேள்வியும்கூட. ஆனால் வயிற்றைத் திறந்தோ லேப்பராஸ்கோப் வழியாகவோ உள்ளே வரும் அறுவை மருத்துவர் தமனியை அதன் பிறப்பிடத்தில் சந்திப்பதில்லை. அது ஓர் எலும்பின் மேலாகவோ, யூரிட்டரின் மேலாகவோ, ஒரு தசைநாணின் ஓரமாகவோ கடந்து செல்லும் இடத்தில், பெரும்பாலும் கொழுப்புக்குள் மறைந்திருக்கும்போது சந்திக்கிறார். ஆகவே இத்தகைய மாதிரியில் பிறப்பிடங்கள் எவ்வளவு சரி என்பதைவிட, கடக்கும் இடங்கள் எவ்வளவு சரி என்பதையே நான் பார்த்தேன். இந்தத் தயாரிப்பு முதலாவதில் நன்றாகத் தேறுகிறது. இரண்டாவதில் ஓரிடத்தில் மட்டும் சிறப்பாகவும் மற்ற இடங்களில் அரைகுறையாகவும் இருக்கிறது.

சிறப்பான அந்த ஓரிடம் இரண்டாம் தொகுதி. இதில் தொடையின் உட்புறத்துக்குச் செல்லும் ஆப்டுரேட்டர் தமனி இன்டர்னல் இலியாக்கிலிருந்து வராமல், இங்குவினல் தசைநாணுக்குச் சற்று மேலே காலுக்குச் செல்லும் எக்ஸ்டர்னல் இலியாக்கிலிருந்து பிரிந்து வயிற்றின் முன்சுவருக்கு ஏறும் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனியிலிருந்து பிறந்து, பியூபிக் எலும்பின் மேற்கிளையின் உட்புறமாக இறங்கி, இடுப்பெலும்பின் முன்பகுதியில் உள்ள ஆப்டுரேட்டர் துளைக்குள் நுழைகிறது. ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்பது பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இது எப்படி வருகிறது என்பதையும் இந்த மாதிரியை வைத்தே விளக்க முடிகிறது. இயல்பான உடலிலும் ஆப்டுரேட்டர் தமனியின் பியூபிக் கிளையும் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக்கின் பியூபிக் கிளையும் எலும்பின் பின்புறத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. கருவில் இரத்தம் எந்த வழியை விரும்பி ஓடியதோ அந்த வழி பெரிதாகிறது, மற்றது சுருங்குகிறது. முதல் தொகுதியையும் இரண்டாம் தொகுதியையும் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டும்போது, கரும்பலகையில் வரைந்து புரியவைக்க முடியாத இந்தச் செய்தி மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

இரு வழிகளும் கணிசமான அளவில் நிலைத்துவிட்டால் உண்டாகும் இணைப்பைத்தான் அறுவை மருத்துவர்கள் கொரோனா மார்ட்டிஸ் (மரணக் கிரீடம்) என்கிறார்கள். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் பால் டோர்னெட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வில், பார்த்த அரை இடுப்புக்கூடுகளில் 84 விழுக்காட்டில் ஏதோவொரு இணைப்பு இருந்தது. தமனி இணைப்பு 34 விழுக்காட்டிலும் சிரை இணைப்பு 70 விழுக்காட்டிலும் காணப்பட்டன. சிலவற்றில் இரண்டும் இருந்தன. இரு பியூபிக் எலும்புகளும் முன்னால் சேரும் மூட்டான பியூபிக் சிம்பிசிஸிலிருந்து அந்த இணைப்பின் தொலைவு சராசரியாக 6.2 செ.மீ.; 3 செ.மீ. முதல் 9 செ.மீ. வரை வேறுபட்டது. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2018-இல் வெளியான பகுப்பாய்வில் விகிதம் ஏறத்தாழப் பாதி என்று குறைந்தது. எவ்வளவு மெல்லிய குழலைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருப்பதே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் சிரை இணைப்பே தமனி இணைப்பைவிட அதிகம் என்பதில் மாற்றமில்லை.

மாதிரியில் அளவுநாடாவை வைத்துப் பார்த்தால், தமனி எலும்பைக் கடக்கும் இடம் சிம்பிசிஸிலிருந்து 6 செ.மீ.க்கு அருகில் வருகிறது. குழல் எலும்பின் மேற்பரப்போடு ஒட்டிச் செல்வதால், தொடையெலும்பு பொருந்தும் குழியான அசிட்டாபுலத்தின் முறிவுக்கு, அடிவயிற்றைத் திறக்கும் ஸ்டோப்பா அணுகுமுறை வழியாக உள்ளே வரும் எலும்பியல் மாணவர், எலும்புச் சவ்வைத் தூக்கும் கருவி எந்த இடத்தில் இதைக் கிழிக்கும் என்பதைக் கையாலேயே உணரலாம். குடலிறக்கத்துக்கு லேப்பராஸ்கோப் வழியாக மெஷ் (வலை) வைத்து, பியூபிக் எலும்பின் வரம்பை ஒட்டிய கூப்பர் தசைநாணில் அதைப் பிடித்துக்கட்டும் ஊசி எங்கே குத்தும் என்பதையும், சிறுநீர்க்கசிவுக்கான பர்ச் அறுவையில் தையல் எங்கே விழும் என்பதையும் இதே இடத்தில் காட்டமுடிந்தது. இங்கே அறுபடும் குழல் இரு முனைகளிலிருந்தும் இரத்தத்தைக் கொட்டும். ஒரு முனை ஆப்டுரேட்டர் துளைக்குள் பின்வாங்கிவிட்டால் அதைப் பிடித்துக் கட்டுவது மிகக் கடினம். ஒரு முதுநிலை மாணவர் இத்தொகுதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் இன்டர்னல் இலியாக்கைக் கட்டினாலும் இது நிற்காதா, சார்?” என்று கேட்டார். நிற்காது, இரத்தம் எக்ஸ்டர்னல் இலியாக்கிலிருந்து அல்லவா வருகிறது என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், அவரே தமனியை விரலால் பின்தொடர்ந்து போய் விடையைக் கண்டுகொண்டார். இந்த ஒரு தொகுதிக்காகவே மாதிரியை வாங்கலாம் என்று சொல்லுமளவுக்கு இது பயன்பட்டிருக்கிறது.

ஆயினும் இத்தொகுதியிலும் ஒரு முக்கியமான குறை உண்டு. இப்படிப் பிறக்கும் ஆப்டுரேட்டர் தமனி தொடை வளையத்தின் (இடுப்புக்குழியிலிருந்து தொடைக்குச் செல்லும் திறப்பின்) வெளிப்புறமாக, எக்ஸ்டர்னல் இலியாக் சிரையை ஒட்டி இறங்குவதே மிகுதி. மாதிரியும் அதையே காட்டுகிறது. சிலரில் அது வளையத்தின் உட்புறமாக, அங்கே எல்லையாக நிற்கும் லக்குனார் தசைநாணின் விளிம்பை ஒட்டி வளைந்து செல்லும். இறுகிப்போன தொடைக் குடலிறக்கத்தை விடுவிக்க அந்தத் தசைநாணை வெட்டும்போது ஆபத்தாவது இந்த இரண்டாவது வழிதான். மாதிரி காட்டும் வழி, அந்த அறுவையைப் பொறுத்தவரை, பாதுகாப்பான வழி! வளையத்தருகே தமனியை இருபுறமும் நகர்த்தும்படி ஒரு சிறு கணு வைத்திருந்தால் செலவு கூடியிருக்காது.

மூன்றாம் தொகுதி அடாச்சியின் இரண்டாம் வகை: இரு குளூட்டியல் தமனிகளும் ஒரே தண்டில் சேர்ந்து வர, இன்டர்னல் புடெண்டல் தனியே பிரிகிறது. பிறப்பிடத்தைப் பொறுத்தவரை வேலைப்பாடு துல்லியம். இன்ஃபீரியர் குளூட்டியல் தமனி முன்பிரிவின் கிளை என்று மனப்பாடம் செய்துவிட்டு, முன்பிரிவுக்குள் கதீட்டர் நுழைந்துவிட்டால் போதும் என்றோ, பின்பிரிவைத் தவிர்த்துவிட்டால் பிட்டத்துக்கும், காலுக்கான பெரிய நரம்பாகிய சியாட்டிக் நரம்புக்கும் போகும் இரத்தம் முழுவதும் காப்பாற்றப்பட்டுவிடும் என்றோ நினைப்பவர்களுக்கு இது நல்ல மறுப்பு. சியாட்டிக் நரம்போடு கூடவே ஓடி அதற்கு இரத்தம் தரும் சிறு கிளை இன்ஃபீரியர் குளூட்டியலிலிருந்து வருவது. தமனியை அடைப்பதற்காகக் கதீட்டர் வழியே செலுத்தும் அடைப்புத் துகள்கள் தவறிப்போய் அதற்குள் சென்றால் கால் பலவீனப்படலாம். ஆனால் கடக்கும் இடம் என்று பார்த்தால், சுப்பீரியர் குளூட்டியல் தமனி லம்போசேக்ரல் நரம்புத்தண்டுக்கும் முதல் சேக்ரல் நரம்புக்கும் இடையே நுழைந்து, பிரிஃபார்மிஸ் தசைக்கு மேலாக வெளியேறும் காட்சி இங்கே இல்லை, ஏனென்றால் மாதிரியில் நரம்பே இல்லை. இடுப்பெலும்பு முறிவு சியாட்டிக் துளை வரை நீளும்போது கிழிபடுவதும், பின்புறத்திலிருந்து அறுவை செய்யும்போது அறுபட்டு இடுப்புக்குழிக்குள் சுருண்டுவிடுவதும் இந்தத் தமனிதான். துளையின் வழியாக அது வெளியேறும் அந்த ஒரு சென்டிமீட்டரைச் சரியாகக் காட்டியிருக்கவேண்டும். தமனி துளையைத் தாண்டியதும் வெட்டி மொட்டையாக விடப்பட்டிருக்கிறது.

பெண் உறுப்புத் தொகுதியை மாட்டிப் பார்க்கும்போது என் மனக்குறை மேலும் கூடுகிறது. கருப்பைத் தமனி ஐந்து தொகுதிகளில் மூன்றில் வெவ்வேறு இடங்களில் பிறக்கிறது: ஒன்றில் முன்பிரிவிலிருந்து நேராக, ஒன்றில், கருவில் தொப்புள்கொடிக்குச் செல்லும் அம்பிலிக்கல் தமனியோடு ஒரே தண்டில், ஒன்றில் இன்டர்னல் புடெண்டலுக்கு அருகிலிருந்து. இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மூன்றிலும் அது நேர்க்கோடாகக் கருப்பைக்குப் போய்ச்சேருகிறது. கருப்பை வாய்க்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 2 செ.மீ. தொலைவில் யூரிட்டரின் மேலாக அது கடக்கும் இடம் உறுப்புத் தொகுதியின் மஞ்சள் குழாயோடு சரியாகப் பொருந்தவில்லை. மாட்டும் கோணத்தைப் பொறுத்து, தமனி சில வேளை யூரிட்டருக்கு மேலும் சில வேளை கீழும் போகிறது. கருப்பை அகற்றும் அறுவைகளில் யூரிட்டர் காயப்படுவதற்கு இந்தக் கடப்பே முதன்மையான இடங்களில் ஒன்று. தமனி மேலே, யூரிட்டர் கீழே என்பது முதலாண்டு மாணவர் முதல் பேராசிரியர் வரை ஒப்பிக்கும் பாடம். அதையே தலைகீழாகக் காட்டக்கூடிய ஒரு மாதிரியை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மாணவர் கையில் கொடுக்க முடியாது. நாங்கள் பட்டு நூலால் யூரிட்டரைக் கீழே இழுத்துக் கட்டி வைத்திருக்கிறோம்.

அம்பிலிக்கல் தமனியை இரண்டு விரற்கடை நீளத்தில் வெட்டிவிட்டதும் தவறு. லேப்பராஸ்கோப் வழியாக அறுவை செய்பவர்கள் கருப்பைத் தமனியின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் எளிய வழி, வயிற்றின் முன்சுவரில் நாராகிப்போன அம்பிலிக்கல் தமனியைப் பிடித்து இழுத்து, உள்ளே எது அசைகிறது என்று பார்த்துப் பின்னோக்கிச் செல்வதே. முன்சுவர் வரை அந்த நார் நீண்டிருந்தால் அதை மாதிரியிலேயே பழகியிருக்கலாம். கருப்பைக் கட்டிகளுக்கான எம்போலைசேஷன் (தமனியை உள்ளிருந்து அடைக்கும்) சிகிச்சையை பிரெஞ்சு மருத்துவர் ழாக் ரவினா 1995-இல் பாரிஸிலிருந்து அறிவித்தபின், ஓவேரியன் (சூலகத்) தமனியும் கட்டிக்கு இரத்தம் தரக்கூடும் என்பதும் அப்படித் தரும்போது கருப்பைத் தமனிகளை மட்டும் அடைப்பது பலன் தராமல் போகலாம் என்பதும் அன்றாடச் செய்தியாகிவிட்டன. அந்தத் தமனி சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே மகாதமனியில் பிறப்பது. நான்காம் முள்ளெலும்பில் தொடங்கும் மாதிரியில் அதற்கு இடமே இல்லை; இதை நிறுவனத்தின் குறையாகச் சொல்லமாட்டேன், ஆனால் வகுப்பில் ஆசிரியர் நினைவூட்டவேண்டும்.

நான்காம் தொகுதி ஆண்களுக்கானது. புராஸ்டேட் தமனி ஆப்டுரேட்டரிலிருந்து வருவதாக இதில் காட்டியிருக்கிறார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் 2015-இல் 286 இடுப்புப் பக்கங்களை ஆஞ்சியோகிராமில் பார்த்து வகுத்த கணக்கில், புராஸ்டேட் தமனி இன்டர்னல் புடெண்டலிலிருந்து 31.1 விழுக்காட்டிலும், சிறுநீர்ப்பைக்குச் செல்லும் சுப்பீரியர் வெசிக்கலோடு ஒரே தண்டில் 28.7 விழுக்காட்டிலும், ஆப்டுரேட்டரிலிருந்து 18.9 விழுக்காட்டிலும், முன்பிரிவிலிருந்து நேராக 14.7 விழுக்காட்டிலும் பிறந்தது. முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருப்பவற்றை விட்டுவிட்டு மூன்றாமிடத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்டபோது, பார்வைக்கு வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்று விற்பனைப் பிரதிநிதி பதில் சொன்னார். புராஸ்டேட் வீக்கத்துக்கு எம்போலைசேஷன் செய்யும் கதிரியக்க மாணவர்களுக்கு இத்தொகுதி மிகவும் பிடித்திருக்கிறது. சிறுநீரியல் அறுவை மருத்துவர்களுக்கு வேண்டிய தமனி வேறு: இடுப்புத் தளத்துக்கு மேலாக, புராஸ்டேட்டின் பக்கவாட்டில் ஓடி, பியூபிக் எலும்பின் அடியில் நுழைந்து ஆண்குறிக்குச் செல்லும் துணைப் புடெண்டல் தமனி. எல்லோரிடமும் இருக்காது. இருப்பவரில், புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுவதும் அகற்றும்போது அதை வெட்டிவிட்டால் விறைப்புத்தன்மை பாதிக்கப்படலாம். அது ஐந்து தொகுதிகளில் ஒன்றில்கூட இல்லை.

ஆனால் ஐந்தாம் தொகுதிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிலைத்துவிட்ட சியாட்டிக் தமனி அது. கருவில் காலுக்கு இரத்தம் தரும் முதல் தமனி சியாட்டிக் வழியாகவே வருகிறது. தொடைத் தமனி வளர்ந்ததும் அது மறையவேண்டும். மறையாமல் நின்றுவிடும் நிலை 0.025 முதல் 0.04 விழுக்காடு வரை என்று மதிப்பிடுகிறார்கள். இந்தத் தொகுதியின் வேலைப்பாடு கண்ணைக் கவர்கிறது என்பதை மறுக்கமுடியாது. இன்டர்னல் இலியாக்கே தடித்துத் தொடர்ந்து, பிரிஃபார்மிஸுக்குக் கீழாக வெளியேறித் தொடையின் பின்புறம் இறங்க, எக்ஸ்டர்னல் இலியாக் மெலிந்து நிற்கிறது. தொடையில் நாடி இல்லாமல் முழங்காலுக்குப் பின்னால் நாடி கிடைக்கும் நோயாளியை இதை வைத்து விளக்கலாம். இரத்தப்போக்கை நிறுத்தவோ, மாற்றுச் சிறுநீரகத்தின் தமனியோடு இணைக்கவோ இன்டர்னல் இலியாக்கைக் கட்டினால் இவருடைய காலுக்கே ஆபத்து என்பதும் தெளிவாகும். இவ்வளவு சொன்ன பிறகும், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத ஒன்றுக்கு ஐந்தில் ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டு, பாதிப்பேரிடம் இருக்கும் சிரை இணைப்பை விட்டுவிட்டது விற்பனைக்கான தேர்வாகவே எனக்குப் படுகிறது. கண்காட்சியில் மேசைமேல் வைத்தால் கூட்டம் இதைச் சுற்றித்தான் நிற்கும்.

சிரைகள் முற்றிலும் இல்லாமைதான் இந்த மாதிரியின் பெருங்குறை. சி.டி. ஆஞ்சியோகிராமில் தமனி நிறைந்திருக்கும் கணத்தில் எடுத்த படத்தை அச்சாக்கினால் சிரை வராது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த குழல்களும் வருவதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு மருந்துகளுக்கும் மற்ற வழிகளுக்கும் கட்டுப்படாதபோது இன்டர்னல் இலியாக்கைக் கட்டும் பயிற்சியை இதில் செய்து பார்த்தோம். செங்கோண முனை கொண்ட மிக்ஸ்டர் ஃபோர்செப்ஸை தமனிக்கு அடியில் எந்தப் பக்கத்திலிருந்து நுழைத்தாலும் சிரமமின்றி வெளியே வருகிறது. உண்மையான உடலில் அப்படி நுழைத்துவிட முடியாது. தமனிக்குப் பின்னால் மெல்லிய சுவருடைய இன்டர்னல் இலியாக் சிரையும், வெளிப்புறத்தில் எக்ஸ்டர்னல் இலியாக் சிரையும் கிடக்கின்றன. ஃபோர்செப்ஸின் முனை வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லவேண்டும் என்று வற்புறுத்துவது வெளிப்புறச் சிரையை அது குத்திவிடக்கூடாது என்பதற்காகவே. தமனியைக் கட்டப்போய்ச் சிரையைக் கிழித்துக்கொண்டால் முதலில் இருந்ததைவிட மோசமான இரத்தப்போக்கைச் சமாளிக்கவேண்டி வரும். பின்பிரிவு பிரிந்த இடத்துக்குக் கீழே கட்டவேண்டும் என்ற விதியை மாதிரி நன்றாகக் கற்பிக்கிறது. எந்தத் திசையில் கையைக் கொண்டுபோகவேண்டும் என்பதைக் கற்பிக்கவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோரில் மகளிர் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி 1893-இல் கருப்பைப் புற்றுநோய் இரத்தப்போக்குக்காக இன்டர்னல் இலியாக்கைக் கட்டிய காலத்திலிருந்து இந்த அறுவை நடந்துவருகிறது. 1960-களில் மருத்துவர் பர்ச்செல் அளந்து காட்டியபடி, இருபுறமும் கட்டினால் நாடியழுத்தம் (ஒவ்வொரு துடிப்பிலும் உச்ச, தாழ் அழுத்தங்களுக்கு இடையேயான வேறுபாடு) ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகிறது, ஆனால் இரத்த ஓட்டம் பாதியளவே குறைகிறது. ஓட்டம் முற்றிலும் நின்றுவிடாமல் இருப்பதற்குக் காரணம் லம்பார், நடு சேக்ரல், சுப்பீரியர் ரெக்டல் தமனிகளோடு உள்ள இணைப்புகள். தொகுதிகளில் இலியோலம்பார், லேட்டரல் சேக்ரல் ஆகியவற்றின் முனைகள் மொட்டையாக முடிவதால், கட்டிய பிறகும் கருப்பை உயிரோடிருப்பதும் சிலருக்கு இரத்தம் நிற்காமற்போவதும் ஏன் என்று மாதிரியைக் காட்டி விளக்க வழியில்லை.

இன்னொன்று, வலப்பக்கம் மட்டும் விற்கப்படுவது. ஒரே உடலின் இரு பக்கங்களிலும் இடுப்புத் தமனிகள் ஒரே மாதிரி பிரியும் என்று எதிர்பார்க்க முடியாது. தானமாகப் பெற்ற உடல்களை அறுக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் இதைப் பார்த்து வியக்கிறார்கள். வலப்பக்கத்தில் பார்த்த அமைப்பை நம்பி இடப்பக்கத்தில் கத்தி வைப்பது அறுவை அரங்கில் நடக்கக்கூடியது என்பதால், இடப்பக்கத்தையும் சேர்த்து, இரு பக்கங்களிலும் வேறுபட்ட தொகுதிகளை மாட்டிக் காட்டும் வசதி இருந்திருக்கவேண்டும். இடப்பக்கம் பிறகு வரும் என்று நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பொருளின் உழைப்பைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். காந்த இணைப்பு உறுதியானது. மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தும் தளரவில்லை. ஆனால் மெல்லிய கிளைகள் உடையக்கூடியவை. இரண்டாம் தொகுதியின் ஆப்டுரேட்டர் தமனி எலும்பை விட்டு இறங்கும் வளைவில் விரிசல் கண்டது. மாணவர்கள் அதிகம் தொடுவது அந்த வளைவைத்தான். தனித் தொகுதியை மட்டும் வாங்கிக்கொள்ள முடிகிறது என்பது ஆறுதல், ஆனால் கேட்டுப் பெறுவதற்குள் ஒரு பருவத் தேர்வே முடிந்துவிட்டது. கையேடு ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கிறது. தொகுதி எண்ணும் அதில் பிறக்கும் கிளைகளின் பட்டியலும் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். எந்த அறுவையில் எது முக்கியம் என்று ஒரு வரிகூட இல்லை.

கதிரியக்கவியல் துறை தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டால் விலைக்கு முழுப் பயன் கிடைக்கும்; ஐந்து தொகுதிகளும் அவர்களுடைய கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்கின்றன. எலும்பியல் துறையும் குடலிறக்க அறுவை செய்பவர்களும் இரண்டாம் தொகுதியை மட்டும் எலும்போடு சேர்த்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கல்லூரிக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். மகப்பேறு துறையினர் யூரிட்டர் பொருத்தம் திருத்தப்படும் வரை காத்திருப்பது நல்லது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உறுப்புத் தொகுதியை மாட்டியவுடன் கருப்பை வாய்க்கு அருகே தமனி மேலே இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகே மாணவர்களிடம் கொடுக்கவேண்டும். முதலாண்டு வகுப்புக்கு முதல் இரண்டு தொகுதிகள் போதும். மற்ற மூன்றையும் நாங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டி, முதுநிலை மாணவர்கள் கேட்கும்போது மட்டும் எடுத்துத் தருகிறோம்.